மூன்று எண்களை எழுதி அனுப்பு

புதுச்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள குமரவேலுக்கு,

நலம். உன் வீட்டில் அனைவரின் நலமும் அறிய ஆவல். வரும் பிப்ரவரியில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லான் போட்டியில் முதன்முறையாக இறங்கப் போவதாக நீ எழுதியிருந்ததைப் படித்து, பள்ளி விளையாட்டு விழாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி ஒளிந்துகொண்ட குமரவேலா இவன் என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் என்ற சிறிய தூரத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. ஆனால் நீ கேட்ட பயிற்சி அட்டவணையை இப்போது அனுப்பப் போவதில்லை. என் அட்டவணை என் உடம்புக்கு வெட்டித் தைத்த சட்டை. உன் அளவு தெரியாமல் உனக்கு எப்படித் தைப்பது?

அளவெடுக்க மூன்று சோதனைகள் போதும். அதற்கு முன், நாற்பத்தெட்டு வயதில் முழு மூச்சோடு உடம்பை விரட்டப் போகிறாய் என்பதாலும், உன் அப்பாவுக்கு இருந்த இதய நோய் எனக்குத் தெரியும் என்பதாலும், மருத்துவரைப் பார்த்து அவர் சம்மதித்த பிறகே தொடங்கு. இதில் எனக்கு உன்னோடு விவாதிக்க விருப்பமில்லை.

முதலில் நீச்சல். நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 400 மீட்டரை உன்னால் முடிந்த வேகத்தில் நீந்தி நேரத்தைக் குறித்துக்கொள். நிதானமாக இளைப்பாறிய பின் 200 மீட்டரையும் அப்படியே நீந்து. முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பாதியாக்கினால், நீ நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தில் 100 மீட்டருக்கு எத்தனை விநாடி ஆகும் என்பது கிடைக்கும். எனக்கு 10 நிமிடமும் 4 நிமிடம் 40 விநாடியும் வந்தன. வித்தியாசம் 320 விநாடி, ஆகவே 100 மீட்டருக்கு 2 நிமிடம் 40 விநாடி. தொடக்கத்தில் எவருக்கும் வரும் வேகம் இரண்டு நேரங்களிலும் கலந்திருப்பதால், கழிக்கும்போது அதன் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. கணக்கு எளிது, ஆனால் பிழையைப் பொறுக்காது. முதன்முறை நான் 25 மீட்டர் குளத்தில் பதினாறு முறை போவதற்குப் பதில், எண்ணிக்கை தவறிப் பதினான்கோடு நின்று 8 நிமிடம் 44 விநாடி என்று எழுதிவிட்டேன். விடையாக 2 நிமிடம் 2 விநாடி வந்தது! இரண்டு வாரம் அந்த வேகத்தைத் துரத்தித் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். அதனால் கரையில் ஒருவரை நிறுத்தி எண்ணச் சொல். உங்கள் கடலூரின் தேவனாம்பட்டினக் கடலில் இந்தச் சோதனை வேண்டாம். அலையும் நீரோட்டமும் நாளுக்கு நாள் மாறும் இடத்தில் எதை எதோடு ஒப்பிடுவாய்? அங்கே தனியாக இறங்கவே கூடாது என்பது வேறு.

அடுத்தது ஓட்டம். முப்பது நிமிடம், சீராக, உன்னால் இயன்ற உச்ச வேகத்தில் தனியாக ஓடு. கடைசி இருபது நிமிடங்களின் சராசரி இதயத்துடிப்பே உனக்கு வேண்டிய எண். முதல் பத்து நிமிடத்தை விட்டுவிடுவதற்குக் காரணம், கால்களின் வேகத்தை இதயம் எட்டிப் பிடிக்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்வதுதான். மணிக்கட்டுக் கடிகாரத்தைவிட மார்பில் கட்டும் பட்டை நம்பகமானது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு வரும் என்ற பழைய கணக்குப்படி எனக்கு 172. சோதனையிலோ இருபது நிமிடம் நான் தாங்கிய சராசரியே 171. அந்தக் கணக்கு பெருங்கூட்டத்தின் சராசரிக்குப் பொருந்தலாம். தனி ஒருவனுக்குப் பத்துத் துடிப்புக்கு மேலும் பிசகக்கூடும். அதை நம்பிய என் கடிகாரம் மெதுவோட்டத்துக்குக்கூட என்னைக் கண்டித்தது. சலித்துப்போய் அதைப் பொருட்படுத்தாமல் எல்லா நாளும் வேகமாக ஓடி, முழங்காலுக்குக் கீழே எலும்பு வலியோடு ஆறு வாரம் வீட்டில் உட்கார்ந்தேன்.

சைக்கிளுக்கும் இதே முப்பது நிமிடச் சோதனைதான், ஆனால் ஓட்டத்தின் எண்ணை இங்கே எடுத்துப் போடாதே. உடம்பின் எடையைச் சைக்கிள் சுமப்பதால் பலருக்கும் துடிப்பு சற்றுக் குறைவாகவே வரும், எனக்கு 163. ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் என்று நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவே பேருந்துகள் பறக்கும் சாலையில் தலையைக் குனிந்துகொண்டு மிதிப்பது தற்கொலைக்குச் சமம். நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னர் என்ற தாங்கியில் சைக்கிளின் பின்சக்கரத்தை மாட்டி, மின்விசிறியை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை இவற்றைத் திரும்பச் செய்யும்போது, இடமும் நேரமும் சாப்பாடும் முந்தைய முறை போலவே இருக்கட்டும். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் வியர்வை உலராமல் வழிவதால் உடல் குளிர்வதில்லை. இரத்தத்தைத் தோலுக்கும் அனுப்ப வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. சனவரி அதிகாலையில் ஓடியதை அக்கினி நட்சத்திரத்துக் காலை ஒன்பது மணியோடு ஒப்பிட்டு, எனக்கு வயதாகிவிட்டது என்று ஒரு மாதம் வருந்திய முட்டாள் நான்.

சிப்காட்டில் உனக்கு மூன்று ஷிப்டும் மாறி மாறி வருவதால், திங்கள் முதல் ஞாயிறு வரை என்ற அட்டவணை உனக்கு ஒத்துவராது. இரவு ஷிப்ட் வாரத்தை ஓய்வு வாரமாக வைத்து, அதில் பாதியளவே பயிற்சி செய். சோதனைகளைப் பகல் ஷிப்ட் வாரத்தின் நடுவில், இரண்டு நாள் நன்றாகத் தூங்கிய பின் வைத்துக்கொள். மற்ற வாரங்களில் பயிற்சி நேரத்தின் ஐந்தில் நான்கு பங்கு, பக்கத்தில் ஓடுபவனோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் இருக்கட்டும். இது உனக்கு அவமானமாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. எஞ்சிய ஒரு பங்குக்குத்தான் அந்த மூன்று எண்களும் எல்லை சொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலைச் சவாரி தடைபடும் என்பதால், நீண்ட சவாரிகளை இப்போதே முடித்துவிட்டு, மழை மாதங்களை நீச்சலுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். நீதான் நீச்சலில் பலவீனம் என்று எழுதியிருக்கிறாயே.

எண்கள் வந்ததும் ஒரே இரவில் அட்டவணை போட்டு அனுப்புகிறேன். குளத்தில் எண்ணுவதற்கு ஆள் கிடைக்காவிட்டால் சொல். அடுத்த ஞாயிறு முதல் பேருந்தில் கடலூர் வந்துவிடுகிறேன். எண்ணிக்கையில் நான் எப்படி என்பதை மேலே படித்திருப்பாய், அதனால் உன் மகளையும் உடன் நிறுத்திக்கொள்.

அன்புடன்,
இளங்கோ