என் காதுக்காக உழைத்த எல்லோருக்கும் நன்றி

இடது காது ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதற்கப்புறம் எடுத்த ஆடியோகிராமும் (காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை) தேறிவிட்டது. ஆளுக்கொரு போன் போட்டுச் சொல்ல நேரமில்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி, காது கேட்பதைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டுக்குத்தான். காது நரம்பு போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை) தட்டிக் காதருகே பிடித்தார், ஏதோ லேசாகக் கேட்டது. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார், கணீரென்று கேட்டது. "நரம்பு நல்லாத்தான் இருக்கு, சத்தம் உள்ளே போற வழியிலதான் கோளாறு" என்றார். அந்த ஒரு வரியில்தான் எனக்குப் பாதி உயிர் வந்தது.

கோளாறின் பெயர் ஓட்டோஸ்க்ளீரோசிஸ். நடுச்செவியில் ஸ்டேபிஸ் என்று ஓர் எலும்பு, சுமார் 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சின்னது. அது அசையாமல் இறுகிப்போனால் செவிப்பறையிலிருந்து வரும் அதிர்வு உட்காதுக்குச் சரியாகப் போய்ச் சேராது. அதன் மேல்பாகத்தை எடுத்துவிட்டு, அடித்தட்டில் துளை போட்டு, பக்கத்து எலும்பில் கொக்கி மாதிரி ஒரு குட்டி டெஃப்லான் பிஸ்டனை மாட்டுகிறார்கள். 1956-இல் ஜான் ஷே என்ற அமெரிக்க டாக்டர் தொடங்கிவைத்த வழி இது.

சர்ஜனிடம் எனக்குப் பிடித்தது அவருடைய நேர்மை. காது மெஷின் வைத்தே சமாளிக்கலாம், அவசரப்பட வேண்டாம், இதில் நூற்றில் ஒருவருக்கு இருக்கிற கேட்கும் திறன்கூடப் போய்விடலாம் என்று எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்டுத்தான் முடிவை என்னிடம் விட்டார்.

மரத்துப்போக ஊசி மட்டும்தான் போட்டார்கள், முழு மயக்கம் இல்லை. பிஸ்டனை மாட்டியதும் டாக்டர் மெதுவாக "கேக்குதா?" என்றார், கேட்டது! உடனே காதுக்குள் பஞ்சை அடைத்து மறுபடி மந்தமாக்கிவிட்டார்கள், அது வேறு விஷயம். அதுவரை என் கையை விடாமல் பிடித்திருந்த தியேட்டர் சிஸ்டருக்குத் தனி நன்றி. சுவை நரம்பு நடுச்செவியின் குறுக்கே ஓடுவதால் கொஞ்ச நாள் நாக்கில் இரும்பு ருசி அடிக்கும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னதும் அவர்தான். சொல்லாமல் விட்டிருந்தால் பதறியிருப்பேன்.

தலைசுற்றல் விடும்வரை பாத்ரூம் வரை கைபிடித்துக் கூட்டிப்போன அக்காவுக்கு என்ன சொல்ல? மூக்கைச் சிந்தாதே, தும்மினால் வாயைத் திறந்து தும்மு, வாளியைத் தூக்காதே என்று டாக்டர் சொன்னதை டாக்டரைவிடக் கறாராக அமல்படுத்தினாள். ஆபீஸ் நண்பர்கள், நான் "என்ன?" என்று கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் திரும்பச் சொன்னீர்கள், அதையும் மறக்கவில்லை.

வலது காதிலும் இதே தொந்தரவு லேசாக ஆரம்பித்திருக்கிறதாம். இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை சோதித்தால் போதும் என்கிறார் டாக்டர். சரி, அதற்கும் அதே ஆடியாலஜிஸ்ட்டிடம்தான் வருவேன்.