மழைக் கணக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும்: வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

வளிமண்டலவியல் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம் ஆகியவற்றின் பொறுப்பதிகாரிகளுக்கும், வன்னி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும்

மதிப்புக்குரியவர்களே,

கிளிநொச்சி மாவட்டத்து இரணைமடுக் குளத்தின் நீரேந்துப் பகுதி ஏறத்தாழ 588 சதுர கிலோமீற்றர். அந்தப் பரப்பு முழுவதும் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 5 கோடியே 88 இலட்சம் கனமீற்றர். மார்கழியில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும். அப்போது பாதி நீர் ஓடிவந்தாலும் குளத்தில் ஏறத்தாழ 24,000 ஏக்கர் அடி சேரும் (ஒரு ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஒரு ஏக்கர் அடி). குளத்தின் முழுக் கொள்ளளவே ஏறத்தாழ 1,20,000 ஏக்கர் அடிதான்.

மழை வரும் என்று நம்பி, மேலதிக நீரை வெளியேற்றும் வான் கதவுகளை முன்கூட்டியே திறந்து, மழை வேறு பக்கம் போய்விட்டால், அவ்வளவு நீரும் கடலுக்குப் போகும். குளத்து நீரை நம்பிச் செய்யும் சிறுபோகத்தில் ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி என்று கணக்கிட்டால் அது 6,000 ஏக்கரின் நீர். நம்பாமல் பிந்தித் திறந்தால் குளத்துக்குக் கீழே உள்ள கண்டாவளைப் பக்கம் வெள்ளத்தில் தாழும். கதவடியில் நிற்கும் பொறியியலாளருக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது சில மணி நேரம். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது நீரேந்துப் பகுதியான கனகராயன்குளம், மாங்குளம் பக்கத்தில் இதுவரை எத்தனை மில்லிமீற்றர் விழுந்தது, அடுத்த 6 மணி நேரத்தில் இன்னும் எவ்வளவு விழக்கூடும் என்ற இரண்டு எண்கள்.

2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது, கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற சர்ச்சை அரசியல் மேடைகள் வரை போனது. 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டையே உலுக்கிய பிறகு, எச்சரிக்கை எப்போது வந்தது, யார் கவனிக்கவில்லை என்று மறுபடியும் அதே வாதம். அந்த வாதங்களில் யார் சரி என்று இங்கே நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்த இரண்டு எண்களும் யாரிடம் இருக்கவேண்டும், யாருக்கு எப்போது போய்ச் சேரவேண்டும் என்பதுதான் எங்கள் விடயம். வானிலைச் சேவையில் தனியாரையும் சேர்ப்பது பற்றிப் பேசப்படும் இந்தக் காலத்தில், ஒப்பந்தங்கள் எழுதப்படுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில், இப்போது உள்ள நிலை. வன்னியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் பிரதான நிலையங்கள் வவுனியாவிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இருக்கின்றன. இரணைமடுவிலிருந்து முல்லைத்தீவு நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீற்றர், வவுனியா 60-க்கும் மேல். ஐப்பசி மாதத்து இடிமழை ஒன்று 5 முதல் 10 கிலோமீற்றர் அகலத்தில் கொட்டிவிட்டு, இரண்டு நிலையங்களிலும் ஒரு துளி படாமல் போய்விடும். குளக்கட்டுகளிலும் மழைமானிகள் உண்டு. ஆனால் கட்டில் உள்ள மானி கட்டில் பெய்ததைத்தான் சொல்லும். மேலே காட்டுக்குள் பெய்தது குளத்தின் மட்டம் ஏறிய பிறகே தெரியவரும்.

ராடார் இருந்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும். காரைக்காலில் உள்ள இந்திய டொப்ளர் ராடாரின் படத்தைக் கைபேசியில் பார்த்து எங்களில் பலர் முடிவெடுக்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காரைக்காலிலிருந்து முல்லைத்தீவு 210 கிலோமீற்றருக்கும் அதிகம். அரைப் பாகை உயர்த்திய கற்றை, பூமியின் வளைவையும் சேர்த்தால், இங்கே வந்து சேரும்போது தரையிலிருந்து ஏறத்தாழ நாலரைக் கிலோமீற்றர் உயரத்தில் போகும். கீழ்மட்ட முகில்களிலிருந்து பெய்யும் வாடைக்கால மழை அந்தக் கற்றைக்குக் கீழேயே நடந்து முடிந்துவிடும். படத்தில் வெளிறிய பச்சை தெரியும். வயலில் வரம்பு மூழ்கும்.

கைபேசிச் செயலிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அவை பெரும்பாலும் உலக வானிலையைக் கணினியில் கணக்கிடும் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரியிலிருந்தோ ஐரோப்பிய மையத்தின் மாதிரியிலிருந்தோ எடுத்ததையே அழகாக்கிக் காட்டுகின்றன. அந்த மாதிரிகள் நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். ஜிஎஃப்எஸ்ஸின் கட்டம் ஒன்றின் பக்கம் சுமார் 13 கிலோமீற்றர். இரணைமடுவின் நீரேந்துப் பகுதி முழுவதும் மூன்று, நான்கு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். உங்கள் ஊரின் பெயரைப் போட்டு '80 வீதம் மழை' என்று காட்டும் எண், பக்கத்து ஊருக்கும் அதே எண்தான். அந்த மாதிரிகள் ஓடுவதற்கு வேண்டிய செய்மதிகளும் பலூன்களும் பெரும்பாலும் அரசுகளின் செலவில் பறப்பவை. தனியார் எதிர்வுகூறல் என்று காசு கொடுத்து வாங்குவதன் அடியிலும் பொதுப்பணம்தான் கிடக்கிறது.

இதனால்தான் அமெரிக்காவில் நடந்ததை இங்கே இழுக்கிறோம். 2005-இல் பென்சில்வேனியா செனட்டர் ரிக் சான்டோரம் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார். தனியார் தரக்கூடிய வானிலைச் சேவைகளை அரச வானிலைச் சேவை மக்களுக்குத் தரக்கூடாது, உயிருக்கும் உடைமைக்குமான கடும் வானிலை எச்சரிக்கைகள் மட்டும் விதிவிலக்கு என்பது அதன் சாரம். ஆக்குவெதர் என்ற தனியார் வானிலை நிறுவனத்தின் தலைமையகமும் அதே மாநிலத்தில்தான். சட்டமூலம் குழுநிலையைத் தாண்டவில்லை. 2017-இல் அந்த நிறுவனத்தின் தலைமை அதிகாரியாக இருந்த பரி மயர்ஸையே, அரச வானிலைச் சேவை அடங்கும் நோஆ அமைப்பின் தலைவராக டிரம்ப் முன்மொழிந்தார். 2019 நவம்பரில் அவர் விலகிக்கொண்டார். அதே 2019 செப்டெம்பரில் டோரியன் சூறாவளி அலபாமாவைத் தாக்கும் என்று ஜனாதிபதி சொன்னதை பேர்மிங்காம் அலுவலகத்து எதிர்வுகூறுநர்கள் திருத்தினார்கள். நோஆவின் தலைமை அந்த அலுவலர்களைக் கைவிட்டு, பெயரிடாத அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அறிவியல் நேர்மைக் கொள்கை அதனால் மீறப்பட்டது என்று 2020-இல் விசாரணை கண்டது. 2025-இல் ஆட்குறைப்புக்குப் பிறகு அங்கே பல இடங்களில் பலூன் ஏவுதல் குறைக்கப்பட்டது.

இலாபத்தின் அழுத்தம் ஒரு பக்கம், ஆட்சியின் அழுத்தம் மறு பக்கம். இரண்டும் போய் இறங்குவது அளவீடு, எச்சரிக்கை என்ற அதே இரண்டு இடங்களில். ஆகவே அந்த இரண்டும் சட்டத்தால் காக்கப்பட்ட பொதுச்சொத்தாக இருக்கவேண்டும் என்று கேட்கிறோம். அதற்கு மேல் யாரும் எதையும் விற்கலாம். ஒரு இறால் பண்ணைக்கோ காற்றாலைக்கோ தனியாக ஒரு எதிர்வுகூறலைத் தயாரித்துக் கொடுத்துக் காசு வாங்குவதில் எங்களுக்கு மறுப்பில்லை.

இனி ஒப்பந்தங்களில் என்ன இருக்கவேண்டும் என்பது.

தனியார் நிறுவனம் பொதுக் காணியில் தானியங்கி நிலையம் வைத்தால், அதன் மூல அளவீடு பதிவான அதே நிமிடத்தில் இலவசமாகத் திறந்திருக்கவேண்டும். காற்றாலைக்காரர் காற்றை அளக்க நிறுத்தும் கோபுரங்களுக்கும் இது பொருந்தவேண்டும். மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. ஒரு முதலீட்டாளர் போகும்போது, இந்த மண்ணின் காற்றை அளந்த கணக்கும் அவரோடு போகவேண்டிய அவசியமில்லை. போகாது என்பது முதல் நாளே எழுதப்பட்டிருக்கவேண்டும்.

கருவி வாங்கும் பணத்தைவிடப் பராமரிப்புப் பணம் முக்கியம். நிலையங்கள் சாவது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களால். மானியின் புனலில் சருகும் பறவை எச்சமும் அடைக்கும். நீர் நிரம்ப நிரம்பச் சாய்ந்து மழையை எண்ணும் சாய்வாளிக்குள் எறும்பு கூடு கட்டும். சிம் அட்டைக்குப் பணம் கட்ட ஆளிருக்காது. மாரியில் நாலைந்து நாள் வெயில் இல்லாவிட்டால் சூரியத் தகடு மின்கலத்தை நிரப்பாது. பழைய மின்கலம் சரியாக மழை கொட்டும் இரவில் அணைந்துபோகும். வாளி ஒரு தடவை சாய்ந்தால் 0.2 மில்லிமீற்றர் என்றால், மணிக்கு 100 மில்லிமீற்றர் மழையில் ஏழு விநாடிக்கு ஒருமுறை சாயவேண்டும். சாயும் கணத்தில் விழும் நீர் கணக்கில் வராது. பெருமழையைக் கருவி குறைத்தே காட்டும். ஆகவே ஒவ்வொரு புரட்டாதியிலும் சோதிக்கவேண்டும். 203 மில்லிமீற்றர் விட்டமுள்ள புனலுக்குள் 648 மில்லிலீற்றர் நீரை ஒரு மணி நேரத்துக்கு மெதுவாகச் சொட்டவிட்டால் 100 சாய்வுகள் பதிவாகவேண்டும். 95-க்குக் குறைந்தால் திருகைத் திருத்தவேண்டும். சோதித்த திகதியும் எண்ணிக்கையும் அளவீட்டோடு சேர்த்து வெளியிடப்படவேண்டும்.

பக்கத்திலேயே கையால் வாசிக்கும் மானி ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதிலும் பிழை வரும். ஆனால் பிடிக்கக்கூடிய பிழை. 5 அங்குலப் புனலுக்கு, 8 அங்குலப் புனலுக்குரிய அளவுக் குவளையைக் கொடுத்துவிட்டால் 100 மில்லிமீற்றர் மழை 39 என்று பதிவாகும். குவளையின் மேல் புனலின் விட்டத்தைப் பெயின்ற்றால் எழுதிவிட்டால் தீர்ந்தது. காலை 8.30-க்கு வாசிப்பவருக்குத் தரும் படி, மழைக்காலத்தில் மூன்று மணிக்கு ஒருமுறை வாசிக்கும் அளவுக்காவது இருக்கவேண்டும்.

மழையளவை வைத்து இழப்பீடு கொடுக்கும் பயிர்க் காப்புறுதி வரும்போது இந்த விடயம் இன்னும் கூர்மையாகும். 'பூக்கும் பருவத்தில் இத்தனை நாள் மழை இல்லாவிட்டால் இவ்வளவு' என்று ஒப்பந்தம் எழுதப்படும். மானி 15 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால், அங்கே பெய்த ஒரு சாரல் இங்கே காய்ந்த வயலின் இழப்பீட்டை அழித்துவிடும். காப்புறுதி நிறுவனமோ அதன் பங்காளியோ அந்த மானியின் சொந்தக்காரராக இருக்கவே கூடாது. பணம் கொடுக்கவேண்டியவரின் கையில் அளவுகோல் இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், கமக்காரர் நம்பமாட்டார்.

முன்கூட்டி அறிவதை விலைக்கு விற்பது எங்களுக்கு மிகவும் கவலை தரும் விடயம். தை, மாசியில் அருவி வெட்டும் (நெல் அறுக்கும்) நேரம் இரண்டு நாள் மழை என்றால் நெல் சாயும், கதிரிலேயே முளைக்கும். அறுத்த நெல்லின் ஈரம் 14 வீதத்துக்கு மேல் நிற்கும். களமில்லாதவர் சொன்ன விலைக்குக் கொடுக்கத்தான் வேண்டும். மழை வரும் என்பது நெல் வாங்குபவருக்கு ஒரு நாள் முந்தியும் கமக்காரருக்கு ஒரு நாள் பிந்தியும் தெரிந்தால், அந்த ஒரு நாளில் விலை யார் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. அறுவடை மெசினை எங்கே அனுப்புவது என்பதும் அப்படித்தான். ஆகவே திணைக்களத்தின் எந்த எதிர்வுகூறலும் பணம் கட்டியவருக்கு முந்திப் போகக்கூடாது. தமிழ்ப் பதிப்பும் சிங்களப் பதிப்பும் ஒரே நிமிடத்தில் வெளிவரவேண்டும்.

வெளிவருவது எப்படி இருக்கவேண்டும் என்பதையும் சொல்கிறோம். 'வடக்கு மாகாணத்தில் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை' என்ற வசனத்தை வைத்துக்கொண்டு கதவையும் திறக்கமுடியாது, யூரியாவும் எறியமுடியாது. எங்களுக்கு ஆற்றுப்படுகை வாரியாக வேண்டும்: கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, பறங்கியாறு. ஒவ்வொன்றுக்கும் அடுத்த 24 மணி நேரத்தில் 50, 100, 150 மில்லிமீற்றரைத் தாண்டும் வாய்ப்பு எத்தனை வீதம் என்று மூன்று எண்கள் போதும். மழைக்கு முன் உலர்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்புக்காரருக்கு வேறொன்று வேண்டும். முதல் மழைக்கு முளைத்த பயிர் பத்து நாள் வறட்சியில் கருகிவிடும் என்பதால், முதல் மழைக்குப் பிறகான இரு கிழமைகளின் போக்கு அவருக்குத் தெரியவேண்டும்.

சொன்னதும் நடந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாதந்தோறும் வெளியிடுங்கள். பிழையானால் பிழை என்று எழுதுங்கள். 30 வீதம் என்று சொன்ன பத்துத் தடவையில் மூன்று தடவை பெய்திருந்தால் அது சரியான எதிர்வுகூறல்தான். கமக்காரர் அதை விளங்கிக்கொள்வார்கள். தனியார் நிறுவனங்களையும் இதே அட்டவணையில் இடச் சொல்லுங்கள். அரச பணத்தில் சேவை வாங்குமுன் இரண்டு காலபோகங்களின் (மாரிகாலப் பயிர்ப் பருவங்களின்) பதிவைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

எச்சரிக்கை விடுக்கும் குரல் மட்டும் ஒன்றாகவே இருக்கட்டும். கடமையில் இருக்கும் எதிர்வுகூறுநர் கையொப்பமிட்ட எச்சரிக்கையை, எந்த அமைச்சரோ ஆளுநரோ மாற்றச் சொன்னால், அந்த வேண்டுகோள் எழுத்தில் இருக்கவேண்டும், பிறகு பொதுமக்கள் பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

அடுத்த காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டங்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் கூடும்போது, விதைப்புத் திகதிக்கும் நீர் விடும் திகதிக்கும் பக்கத்தில் இன்னொரு விடயத்தையும் நிகழ்ச்சிநிரலில் சேருங்கள்: அந்தந்த மாவட்டத்தில் வேலை செய்யும் மழைமானிகளின் பட்டியல், ஒவ்வொன்றும் கடைசியாகச் சோதிக்கப்பட்ட திகதி, அதன் சொந்தக்காரர் யார். கமக்காரர் அமைப்புகள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மானி இல்லாத இடங்களை அன்றைக்கே சொல்லும்.

இப்படிக்கு,
வன்னிக் குளங்களின் கீழ்ப் பயிர் செய்வோரும் மழைமானி வாசிப்போரும்