நினைவுச் சுவர்த் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

இறந்தவர்களின் பெயர்களைத் தாங்கும் நம் நினைவுச் சுவரின் வேலை முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கைத் தனித்தாளில் இணைத்திருக்கிறோம். கூட்டங்களில் அதிக நேரம் பிடித்தது கணக்கு அல்ல, மற்ற விஷயங்கள்தான்.

பழைய சுவர் பளிங்கு. சுண்ணாம்புச் சத்துள்ள கல் என்பதால் அமிலம் கலந்த மழையில் மெல்ல மெல்லக் கரையும். ஓரத்துப் பெயர்களை விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது. இப்போது மெருகேற்றிய கருங்கல். எதிரே நிற்பவரின் முகம் பெயர்களுக்கு நடுவே தெரிகிறது. சிலருக்கு இது பிடிக்கவில்லை.

பெயர்களை எந்த வரிசையில் வெட்டுவது என்பதற்கே மூன்று கூட்டங்கள் போயின. அகர வரிசை என்றால் தேடுவது எளிது. தேதி வரிசையில், ஒரே வாரத்தில் போனவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வருவார்கள். வாஷிங்டனில் 1982-இல் எழுந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரை மாயா லின் தேதி வரிசையில்தான் வடிவமைத்தார். இன்று அதில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். நாமும் அப்படியே செய்தோம். தேடுபவர்களுக்கு வாசலில் அகர வரிசைப் பட்டியல் இருக்கிறது.

ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். பழைய கல்லில் ஓர் அம்மாவின் பெயரில் ‘ண’ வர வேண்டிய இடத்தில் ‘ன’ இருந்தது. நம் குழுவின் பிழைதான். புதிய கல்லில் திருத்தினோம். மகள் வந்து பார்த்தார். “சரியாத்தான் இருக்கு. ஆனா இத்தனை வருஷமா நான் தொட்டது அந்த ‘ன’வைத்தானே” என்றார். பழைய கல்லிலிருந்து அந்த வரியை மட்டும் அறுத்துக் கொடுத்தோம். துண்டில் சுற்றி எடுத்துப் போனார்.

துக்கத்தின் ஐந்து நிலைகளை (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) பலகையாக வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று முடிவானது. 1969-இல் மனநல மருத்துவர் கியூப்ளர் ராஸ் அந்த நிலைகளைச் சொன்னது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி. இழந்து நிற்பவர் ‘நான் எந்தப் படியில்?’ என்று பலகையைப் பார்த்துக் குழம்புவானேன்? 1999-இல் துக்கத்தை ஆய்ந்த ஸ்ட்ரோப், ஷுட் இருவரும் சொன்னது நமக்குப் பொருந்தியது: துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பைப் பார்ப்பார், ஒரு நேரம் அன்றாட வேலையைப் பார்ப்பார், மாறி மாறி. அதனால் பாதி பெஞ்சுகள் சுவரைப் பார்த்து, பாதி தெருவைப் பார்த்து.

மழைநீர்க் குழாய் ஒன்று இன்னும் ஒழுகுகிறது. அடுத்த மாதத்துக்குள் சரியாகும். கல்லை மென்மையான பிரஷ், வெறும் தண்ணீர் கொண்டு மட்டும் துடைக்கவும். அப்புறம், புதிய பெயர் சேர்ப்பவர்கள் அதைத் தங்கள் கையாலேயே எழுதித் தரவும். ண, ன, ந மூன்றையும் கொஞ்சம் பெரிதாக.

– திருப்பணிக் குழு