முதிர்ந்த குரல்களின் வல்லமை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களில் வளர்ந்த மூத்த காஸ்பெல் (கிறிஸ்தவப் பக்தியிசை) பாடகர்களைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

1939இல் பிறந்த மேவிஸ் ஸ்டேபிள்ஸ் எண்பது வயதைத் தாண்டியும் மேடையேறியவர். அவர் பாடுவதைப் பதிவுகளில் கேட்டிருக்கிறேன். இளமையின் எட்டுக்கட்டை வீச்சு இப்போது இல்லைதான். ஆனால் ஒரு வரிக்கு முன் மூச்சை இழுத்து நிறுத்துகிறார் பாருங்கள், அந்த நொடியிலேயே மனம் ஜெபத்துக்குப் போய்விடுகிறது. கரகரத்த அடிக்குரலில் 'ஆண்டவரே' என்று அவர் அழைக்கும்போது, வாழ்ந்து பார்த்தவர் கூப்பிடுகிறார் என்று தெரிகிறது. பயிற்சியால் மட்டும் இது வந்துவிடாது.

மகாலியா ஜாக்சனும் அப்படித்தான். இரவு விடுதிகளில் பாட வந்த அழைப்புகளை மறுத்தவர் அவர். கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணியில் பாடினார். அப்புறம் மார்ட்டின் லூதர் கிங் தன் புகழ்பெற்ற 'எனக்கொரு கனவு உண்டு' உரையைப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தவரும் அவரே என்று அருகில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1972இல் மறைந்தார். துக்கமான நாட்களில் இன்றும் அவர் குரலைத்தான் தேடிப் போடுகிறேன். அழுகை வரும், கூடவே தெம்பும் வரும்.

இப்படிப்பட்டவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவர்களைப் பற்றி எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி