நகைச்சுவை எழுதவும் நம் மாவட்டத்தில் வகுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியதிலிருந்து எங்கள் பிள்ளைகளை நாடகத்துக்கும் தனிநபர் நடிப்புக்கும் தயார் செய்து வருகிறேன். பாலக்கோடு வட்டாரத்தில் தமிழாசிரியை நான். நடிக்கப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை, எழுதிக் கொடுக்கத்தான் ஆளில்லை. அதனால் டிவியில் பார்த்த காமெடியே மேடைக்கு வருகிறது. கறுப்பு நிறம், குண்டு உடம்பு, திக்குவாய் இவைதாம் சிரிப்பு. திக்கிப் பேசும் பையன் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பான். அந்தப் பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. வேறு எதைக் கொண்டு சிரிக்க வைக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இதற்காகவே பெங்களூருவில் தொடக்க நிலையினருக்கான ஸ்கெட்ச் காமெடி எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். பாலக்கோட்டிலிருந்து ரயில் இருக்கிறது, ஞாயிறுதோறும் போய்வர முடிந்தது. "நகைச்சுவை பிறவியிலேயே வரணும் டீச்சர், சொல்லிக் கொடுத்தா வராது" என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். வரும் என்று இப்போது உறுதியாகச் சொல்கிறேன். அதில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைமுறை ஒன்று இருக்கிறது.

ஸ்கெட்ச் என்பது நான்கைந்து நிமிடத்தில் முடிகிற காட்சி. பெரிய கதை வேண்டாம். சாதாரண உலகத்தில் ஒரே ஒரு விஷயம் கோணலாக இருக்க வேண்டும். அது முதல் பக்கத்துக்குள் பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிட வேண்டும். பிறகு அந்தக் கோணல் படிப்படியாக ஏற வேண்டும். இன்னொரு கோணலை உள்ளே கொண்டுவந்தால் இரண்டும் கெட்டுவிடும். கோணலாகப் பேசும் ஒருவருக்கு எதிரே, நம்மைப் போல நிதானமாக ஒருவர் நின்று "என்னங்க இது?" என்று கேட்க வேண்டும். எழுதியதை எழுதியவர் வாசிக்கக் கூடாது, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார்கள். சிரிப்பு வராத வரிகளுக்கு அங்கேயே கோடு விழும்.

நான் எழுதியது நம் தக்காளி பற்றி. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, நியாய விலைக் கடைகளில் தக்காளி விற்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதத்தில் ஒரு சம்பந்தப் பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா பவுன் வேண்டாம், தக்காளி போதும் என்கிறார். "நாட்டுத் தக்காளியா, ஆப்பிள் தக்காளியா, அதை மொதல்ல சொல்லுங்க." மாப்பிள்ளையின் அம்மா ஒரு பழத்தை உரைகல்லில் உரசிப் பார்க்கிறார், ஹால்மார்க் எங்கே என்கிறார். பெண்ணின் தாய்மாமன்தான் நிதானமான ஆள். "ஏங்க, நீங்க பேசறது கல்யாணமா, மண்டி யாவாரமா?" முடிவில் ராயக்கோட்டை மண்டியிலிருந்து போன் வருகிறது: விலை விழுந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "சரிங்க சம்பந்தி, பவுனையே பேசிக்கலாம்" என்கிறார். அவ்வளவுதான். வகுப்பில் தமிழ் தெரிந்த இருவர் இதை வாசித்தார்கள். தமிழ் தெரியாதவர்களும் உரைகல் வந்த இடத்தில் சிரித்தார்கள். இங்கே யாருடைய நிறத்தையும் உடம்பையும் யாரும் கேலி செய்யவில்லை. சிரிப்பு வரதட்சணையின் மேல் விழுந்தது, விளைந்த தக்காளியைச் சாலையோரம் கொட்டவைக்கும் விலையின் மேல் விழுந்தது.

அங்கே கேட்ட ஒரு வரலாறும் நம் மாவட்டத்துக்குப் பொருந்துகிறது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் வயோலா ஸ்போலின் என்ற அம்மையார் 1930களின் இறுதியில், பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்காக நாடக விளையாட்டுகளை உருவாக்கினார். வீட்டுக்கு ஒரு மொழி பேசிய பிள்ளைகள் கூடி நடிப்பதற்கான வழி அது. அவருடைய மகன் பால் சில்ஸ் 1959இல் மற்றவர்களோடு சேர்ந்து 'செகண்ட் சிட்டி' குழுவைத் தொடங்கினார். மேடையில் அந்த நேரத்துக்குத் தோன்றியதை நடித்துப் பார்த்து, அதில் தேறியதை ஸ்கெட்ச்சாக எழுதுவது அவர்கள் வழக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வகுப்பறைகளைப் பாருங்கள். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளையும் கன்னடம் பேசும் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கோ யாருக்கோ ஆன கல்வி என்று இதை எப்படித் தள்ள முடியும்?

முதல் ஆசான்கள் இங்கேயே இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில், கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் வந்து ராஜாவையே "நீங்க யாரு, எங்கிருந்து வர்றீங்க?" என்று கேட்கிறானே, அந்த வேலையைத்தான் என் தக்காளி நாடகத்தில் தாய்மாமன் செய்கிறார். உள்ளூர்ச் செய்தியை அன்றைக்கன்று கூத்துக்குள் நுழைப்பவனும் கட்டியக்காரன்தான். பெங்களூரு வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்டதில் பாதி, இரவு முழுக்கக் கண்விழித்து ஆடும் நம் கலைஞர்களின் கைப்பழக்கத்தில் இருக்கிறது. அதை அவர்கள் வாயால் பிள்ளைகள் கேட்க வேண்டும்.

கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் பாட்டு, பரதம், ஓவியம் கற்பிக்கிறார்கள். அங்கே நகைச்சுவை நாடக எழுத்தையும் சேர்க்க வேண்டுகிறேன். இடம் இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் சனிக்கிழமை ஒரு மணி நேரம் கொடுத்தாலும் போதும். பேருந்துக்குக் காசு பார்க்கும் வீட்டுப் பிள்ளை பெங்களூருக்குப் போய்ப் படிக்க முடியாது. அடுத்த கலைத் திருவிழாவுக்கு முன்பே தொடங்கினால் நல்லது. எழுத்துப் பகுதியை நடத்த நான் தயார், எனக்கு ஊதியம் வேண்டாம். கட்டியக்காரன் வேடம் கட்டும் கூத்துக் கலைஞர்களை அழைத்து வந்தால் அவர்களுக்கு மட்டும் மதிப்பூதியமும் பயணப்படியும் அன்றைக்கே கையில் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.