சென்டர் பேக் ஆக விரும்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கால்பந்தில் சென்டர் பேக்காக, அதாவது கோலுக்கு முன்னே நடுவில் நிற்கும் தடுப்பாளனாக, ஆட ஆசை, ஆனால் உயரமும் போதாது, வேகமும் போதாது என்று சொல்கிறார்கள், யார் ஆட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்று கேட்டிருந்தாய். பிரேசிலின் தியாகோ சில்வாவைப் பார். அவர் உயரம் சுமார் 183 செ.மீ. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் அந்த இடத்தில் ஆடுகிறவர்களோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். முப்பத்தைந்தைத் தாண்டியபின் ஓட்டமும் குறைந்துவிட்டது. அப்படியும் 36 வயதில் ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் வென்றார். 38 வயதில் உலகக் கோப்பையில் பிரேசில் அணித் தலைவர். 40 வயதில் இன்டர் மிலானை ஒரு கோல்கூட அடிக்கவிடாத அணியின் நடுவில் நின்றார். பந்து வருவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுவதுதான் அவருடைய ஆட்டம். அவர் சறுக்கிய இடங்களை எடுத்துப் பார்த்தால், அநேகமாக எல்லாமே அவசரப்பட்ட இடங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உனக்குப் பயன்.

1984 செப்டம்பர் 22 அன்று ரியோ டி ஜெனிரோவில் பிறந்தவர். நகரின் மேற்கு ஓரத்து ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தார். ரியோவின் கிளப்புகள் பல தேர்வு ஆட்டங்களில் அவரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. சிறுவயதில் ஆடியது நடுக்களத்தில். பிற்பாடு அவர் பாஸ் கொடுக்கும் விதத்தை விளக்குவது இதுதான். தடுப்பில் வளர்ந்தவன் பந்தைக் கண்டதும் உதைத்துத் தள்ளப் பார்ப்பான், நடுக்களத்தில் வளர்ந்தவன் முதலில் ஆளைத் தேடுவான். தெற்கே ஆர்எஸ் ஃபுட்போல் என்ற சிறிய கிளப், பிறகு ஜுவென்டூடே, அங்கிருந்து 2004இல் போர்ச்சுகலின் போர்ட்டோ. போர்ட்டோவில் இரண்டாம் நிலையான பி அணியோடு நின்றுபோனார்.

2005 தொடக்கத்தில் டைனமோ மாஸ்கோவுக்குக் கடனாகப் போனபோது காசநோய் என்று தெரிந்தது. மாஸ்கோவில் ஏறத்தாழ ஆறு மாதம் மருத்துவமனை வாசம். நுரையீரலின் ஒரு பகுதியை வெட்டியெடுக்க வேண்டியிருக்கும் என்ற பேச்சுகூட வந்தது. ஆட்டத்தையே விட்டுவிட நினைத்தவரைத் தடுத்தவர் அவருடைய தாய். இந்த நோய்க்கு வழக்கமான சிகிச்சையே குறைந்தது ஆறு மாதம். உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும், பழைய மருந்துக்கும் கட்டுப்படாமல் போகலாம். ஓடிப் பிழைக்கும் இருபது வயதுப் பையனுக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பார். ஜுவென்டூடேயிலும் மாஸ்கோவிலும் அவருக்குப் பயிற்சியாளராக இருந்த ஈவோ வோர்ட்மன் 2006இல் ரியோவின் ஃப்ளுமினென்சே கிளப்புக்கு வந்தார். தியாகோவும் அங்கே போய்ச் சேர்ந்தார். ரெனாட்டோ கவுச்சோவின் பயிற்சியில் 2007இல் பிரேசில் கோப்பையை வென்றார்கள். தென் அமெரிக்க கிளப்புகளின் கோப்பையான லிபர்டடோரஸின் 2008 இறுதியில், கிட்டோவில் 4-2 என்று தோற்று, மரக்கானாவில் 3-1 என்று வென்று, கடைசியில் பெனால்டியில் ஈக்வடாரின் எல்டியு அணியிடம் கோப்பையை விட்டார்கள்.

2009 ஜனவரியில் இத்தாலியின் ஏசி மிலான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் வீரர்களுக்கான இடம் நிரம்பிவிட்டதால் அந்த சீசன் முடியும்வரை போட்டி ஆட்டங்களில் இறங்க முடியவில்லை. பயிற்சி மட்டும்தான். ஆனால் யாரோடு பயிற்சி? இத்தாலியின் பெரிய தடுப்பாளர் பாவ்லோ மால்டினியின் கடைசி அரை சீசன் அது. பக்கத்தில் இன்னொரு பெரிய தடுப்பாளர் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டா. ஆட முடியாத அந்த மாதங்கள்தான் அவர் வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய வாய்ப்பு என்று நான் நினைக்கிறேன். 2010-11இல் நெஸ்டாவும் அவரும் நடுவில் நிற்க, மிலான் 38 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 24 மட்டுமே. இத்தாலிய லீக் பட்டமும் வந்தது.

இனி, அவர் ஆட்டத்தில் நீ பார்க்க வேண்டியவை.

முதலில் காலைப் பார். பந்து வைத்திருப்பவனுக்கு நேராக மார்பைக் காட்டி அவர் நிற்பதில்லை. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, உடம்பு பாதி பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அப்படி நின்றால் பந்தும் தெரியும், தான் பார்த்துக்கொள்ள வேண்டிய ஸ்ட்ரைக்கரும் தெரிவான். நேராக நிற்பவனின் தலைக்கு மேல் பந்து போனால் அவன் முழுதாகத் திரும்ப வேண்டும். திரும்புவதற்குள் ஸ்ட்ரைக்கர் இரண்டு தப்படி முன்னால் போயிருப்பான். உனக்கு வேகம் இல்லை என்று சொல்கிறார்களே, அதில் பாதி இந்தத் திரும்பலில் தொலைக்கிற நேரம்தான் என்பது என் கணிப்பு. உன் ஆட்டத்தை யாரையாவது கைபேசியில் படம்பிடிக்கச் சொல்லி நீயே பார்.

அடுத்து கழுத்து. எதிரணியில் ஒருவன் காலிலிருந்து இன்னொருவன் காலுக்குப் பந்து ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் அவர் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்ப்பார். அந்த நேரத்தில் யாராலும் பந்தை உதைக்க முடியாது, ஆகவே கண்ணை எடுத்தால் நஷ்டமில்லை. எதிராளி காலில் பந்து இருக்கும்போது பின்னால் திரும்பிப் பார்ப்பது பெரும்பாலான பையன்கள் செய்யும் தப்பு. அந்த நொடியில்தான் பந்து பின்பக்கம் வந்து விழும்.

மூன்றாவது, தடுப்பு வரிசையை ஏற்றுவதும் இறக்குவதும். பந்து வைத்திருப்பவன் நம் கோலுக்கு முதுகு காட்டுகிறானா, தலை குனிந்திருக்கிறானா, நம் ஆள் ஒருவன் அவனை நெருக்குகிறானா? அப்படியானால் அவனால் நீளமாக அடிக்க முடியாது. வரிசை இரண்டு மூன்று மீட்டர் முன்னேறலாம். யாரும் நெருக்காமல் தலை நிமிர்ந்து நிற்கிறானா? ஒரு கணமும் காத்திராமல் பின்வாங்கு. பந்து உதைபட்டபின் ஓடத் தொடங்கினால் தாமதம். இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒருவன் ஏறி, பக்கத்திலிருப்பவன் அங்கேயே நிற்கும்போதுதான். ஆஃப்சைடும் கிடைக்காது, ஆளும் தப்பிவிடுவான். அதனால்தான் தியாகோ ஆட்டம் முழுவதும் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே, சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார். அதிகம் பேசாத பையனாக இருந்தால் இதை நீ வலிந்து பழக வேண்டும்.

நேருக்கு நேர் மோதலில் அவர் சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பது அபூர்வம். கை நீட்டினால் தொடும் தூரத்தில் பின்வாங்கிக்கொண்டே போவார். எதிராளியைக் கோலுக்கு நேராக வரவிடாமல் ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்குவார். பந்து அவன் காலைவிட்டுக் கொஞ்சம் விலகும் அந்த ஒரு தொடலில்தான் கால் வைப்பார். அதற்கு முன் கால் நீட்டியவன் தரையில் கிடப்பான்.

இத்தனை நிதானம் உள்ளவர் எங்கே தவறினார் என்பது முக்கியம். கையில் பந்து பட்டுப் பெனால்டி கொடுத்த நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொள். 2015 மார்ச்சில் இங்கிலாந்தின் செல்சிக்கு எதிராக, பாரிஸின் பிஎஸ்ஜி கிளப்புக்கு ஆடியபோது, அதே ஆண்டு தென் அமெரிக்க நாடுகளின் கோப்பா அமெரிக்கா காலிறுதியில் பராகுவேக்கு எதிராக, 2019 கோப்பா அமெரிக்கா இறுதியில் பெருவுக்கு எதிராக, 2022 பிப்ரவரியில் கிளப் உலகக் கோப்பை இறுதியில் செல்சிக்கு ஆடியபோது பிரேசிலின் பல்மெய்ராசுக்கு எதிராக. இவற்றில் 2019இல் மட்டும் சறுக்கித் தரையில் கிடந்தபோது பந்து கையில் பட்டது. மற்ற மூன்றும் ஹெட்டருக்கு எழும்பும்போது கை மேலே போனதால் வந்தவை. தன்னைவிட உயரமானவனோடு எழும்புகிறவன் கையை வீசித்தான் உயரம் தேடுவான். உனக்கும் இதே உடம்புதான், ஆகவே இதே ஆபத்துதான். நின்ற இடத்திலிருந்து எழும்பாதே. பந்து விழும் இடத்துக்கு இரண்டு எட்டு பின்னால் நின்று, ஓடிவந்து ஒற்றைக் காலில் எழும்பு. உயரத்தைக் கால் தரும், கை தர வேண்டியதில்லை. முழங்கை மடிந்து, தோளுக்குக் கீழே, மார்புக்கு முன்னால் இருக்கட்டும். இது நினைவு வைத்துச் செய்கிற காரியமல்ல. யாராவது கையால் எறியும் பந்துக்குத் தினமும் எழும்பி எழும்பி உடம்பில் ஏற வேண்டும்.

அந்தச் செல்சி ஆட்டத்தின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்ராஹிமோவிச் வெளியேற்றப்பட்டு பிஎஸ்ஜி பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தது. கூடுதல் நேரத்தில் தியாகோ கொடுத்த பெனால்டியை ஹசார்ட் கோலாக்கினார். பிறகு கார்னரிலிருந்து தியாகோ அடித்த ஒரு ஹெட்டரை செல்சி கோல்கீப்பர் கூர்த்துவா தட்டிவிட்டார். 114ஆவது நிமிடம், மீண்டும் கார்னர், மீண்டும் தியாகோ. இந்தமுறை பந்து கூர்த்துவாவின் தலைக்கு மேலாக வளைந்து உள்ளே விழுந்தது. 2-2. இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துச் சமன் என்பதால், எதிரணி மைதானத்தில் அடித்த கோல் கணக்கில் பிஎஸ்ஜி காலிறுதிக்குப் போனது. பாரிஸில் எட்டு ஆண்டுகள், ஏழு லீக் பட்டங்கள் என்று பட்டியல் போடலாம். எனக்கு அந்தப் பட்டியலைவிட இந்த இருபது நிமிடம் பெரிது.

2014 உலகக் கோப்பையைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். சிலிக்கு எதிரான பெனால்டி முடிவுக்கு முன் பந்தின் மேல் உட்கார்ந்து கண்கலங்கிய தலைவர் என்று பிரேசில் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. அது நியாயமில்லை. அவர் உண்மையில் செய்த பிழை அடுத்த ஆட்டத்தில், ஃபோர்ட்டலேசாவில், கொலம்பியாவுக்கு எதிராக. ஏழாவது நிமிடத்தில் நெய்மாரின் கார்னரில் முதல் கோல் அடித்தவர் அவர்தான். 64ஆவது நிமிடம், பிரேசில் 1-0 என்று முன்னிலை. கோல்கீப்பர் ஓஸ்பினா கையிலிருந்த பந்தை உதைக்கப் போகும்போது குறுக்கே ஓடித் தடுத்தார். கோல்கீப்பர் கையிலிருந்து பந்தை விடுவதைத் தடுப்பது குற்றம் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. மஞ்சள் அட்டை. தொடரில் அது இரண்டாவது, அதனால் அரையிறுதிக்குத் தடை. காலிறுதி முடிந்ததும் மஞ்சள் அட்டைகள் கணக்கிலிருந்து நீங்கிவிடும் என்பதால், அரை மணி நேரம் பொறுத்திருந்தால் போதும். பிரேசில் சங்கத்தின் மேல்முறையீடு எடுபடவில்லை. ஜூலை 8, பெலோ ஹொரிசான்டே. நடுவில் டேவிட் லூயிசும் டான்ட்டேயும். 23 முதல் 29 வரையான நிமிடங்களுக்குள் ஜெர்மனி நான்கு கோல் அடித்தது. 7-1. முதுகெலும்பு முறிந்த நெய்மாரும் இல்லாத ஆட்டம் அது, தியாகோ இருந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் டேவிட் லூயிஸ் பந்தைத் தேடி முன்னே ஓடிய ஒவ்வொரு முறையும் அவரைக் கத்திப் பின்னிழுக்க அங்கே யாரும் இல்லை. அட்டை வாங்கிய பின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் உன் கணக்கை நீயே தெரிந்து வைத்துக்கொள்.

2020 ஆகஸ்டில், பேயர்னிடம் 1-0 என்று சாம்பியன்ஸ் லீக் இறுதியில் தோற்றதோடு பாரிஸ் முடிந்தது. செல்சி ஓராண்டு ஒப்பந்தம் கொடுத்தது. செப்டம்பர் 26, வெஸ்ட் பிராம்விச் மைதானத்தில் முதல் லீக் ஆட்டம், கையில் தலைவர் பட்டை. 25ஆவது நிமிடத்தில் கடைசி ஆளாக நின்று வாங்கிய பந்து காலுக்கடியில் நழுவியது. எதிரணியின் கேலம் ராபின்சன் அதை எடுத்துப் போய்க் கோல் அடித்தார். கடைசி ஆளாக நிற்கும்போது பந்தைக் கால் நிறுத்தி வாங்காதே. வருவதற்கு முன்பே உடம்பைத் திறந்து, எதிராளிக்குத் தூரமான காலில், பக்கவாட்டில் நகர்த்தி வாங்கு. நழுவினாலும் பந்து ஓரத்துக்குத்தான் போகும்.

2021 ஜனவரியில் பயிற்சியாளராக வந்த தாமஸ் டூகல் மூன்று பேர் தடுப்பை அமைத்து அவரை நடுவில் வைத்தார். இருபுறமும் நின்ற ருடிகரும் அஸ்பிலிக்வேட்டாவும் முன்னே பாய்ந்து ஆளைப் பிடிப்பார்கள். பின்னால் விழும் இடத்தை தியாகோ பார்த்துக்கொள்வார். நீண்ட ஓட்டம் குறைந்தது, ஆட்டத்தைப் படிக்கும் வேலை கூடியது. அந்தச் சாம்பியன்ஸ் லீக் சீசனில் செல்சி 13 ஆட்டங்களில் வாங்கியது நான்கே கோல். வயதான சென்டர் பேக்கை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஓராண்டுக்கு வந்தவர் நான்காண்டு இருந்து 155 ஆட்டங்கள் ஆடினார். பிறகு ஃப்ளுமினென்சே, 2025இல் மறுபடி ரெனாட்டோ. இன்டரை 2-0 என்று வென்ற ஆட்டத்திலும் இதே மூவர் அமைப்பு, இக்னாசியோவுக்கும் ஃப்ரெய்ட்டெசுக்கும் நடுவில் தியாகோ.

நீ முதலில் பார்க்க வேண்டியது 2021 மே 29 இறுதி ஆட்டம், செல்சி - மான்செஸ்டர் சிட்டி. நடந்தது போர்ட்டோவின் டிராகாவ் அரங்கில், அவரைப் பி அணியோடு நிறுத்திய அதே கிளப்பின் வீட்டில். 39ஆவது நிமிடத்தில் தொடை இடுக்குக் காயத்தோடு வெளியேறினார், கிறிஸ்டென்சன் உள்ளே வந்தார். அந்த 39 நிமிடம் போதும். ஒருமுறை சும்மா பார். இரண்டாம் முறை பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பார். திரையில் தெரியும்போதெல்லாம் எந்தக் கால் முன்னே இருக்கிறது, எப்போது தலை திரும்புகிறது, சிட்டி பின்னால் பாஸ் கொடுக்கும்போது வரிசை எத்தனை அடி ஏறுகிறது என்று நோட்டில் நிமிடத்தோடு குறித்துக்கொள். பிறகு கிறிஸ்டென்சனையும் அதேபோல் 20 நிமிடம் குறி. நோட்டில் அந்த இரண்டு குறிப்புக்கும் என்ன வித்தியாசம் தெரிந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்