நிகழ்ச்சி நேரத்தைச் சொல்லிவிட்டு டிக்கெட் விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை வந்தால் போதும், தீம் பார்க்கில் உணவுத் திருவிழா என்று விளம்பரம் ஆரம்பித்துவிடுகிறது. காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கமிருந்து இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வேன் பேசிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. நாங்களும் அப்படித்தான் போனோம். உள்ளே தோசை என்ன விலை என்று சண்டை போட இதை எழுதவில்லை, பார்க்குக்குள் விலை அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துதான் போகிறோம். என் புகார், திருவிழா நிகழ்ச்சிகளுக்கு முன்பதிவு செய்யும் முறையைப் பற்றி.

சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பார்க். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தவை பிரியாணி செய்முறை விளக்கம், குழந்தைகளுக்கு கேக் அலங்கரிக்கும் வகுப்பு, இரவில் பாட்டுக் கச்சேரியோடு பஃபே. நுழைவு டிக்கெட் எடுத்தால் இதெல்லாம் உண்டு என்றுதான் யாருக்கும் தோன்றும். உள்ளே போன பிறகுதான் தெரிகிறது, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், தனிப் பதிவு, அதுவும் அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால்தான் பதிவே திறக்கும். நாங்கள் ஸ்கேன் செய்தபோது கேக் வகுப்பு நிரம்பிவிட்டது. பிரியாணி விளக்கம் சாயங்காலம் ஆறரை மணிக்காம். சென்னைக்காரர்களுக்கு அது ஒரு நேரமே இல்லை, ஆனால் எங்களுக்கு வேலூர் வந்து சேர சுமார் 140 கிலோமீட்டர், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுவதற்குள் பாதி ராத்திரி போய்விடும், வேன் டிரைவர் நேரமானால் பேட்டா கூடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார், கூடவே வயதானவர்கள் வேறு. இந்த நேரம் முன்னாலேயே தெரிந்திருந்தால் ஒன்று மதியத்துக்கு மேல் கிளம்பியிருப்போம், இல்லையென்றால் அங்கேயே ஒரு ராத்திரி தங்க ஏற்பாடு செய்திருப்போம்.

அந்த விளக்கம் ஆம்பூர் பிரியாணிக்குத்தான் என்பது இன்னொரு கூத்து. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, சீரகச் சம்பா அரிசியில் செய்வது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. அங்கே ஸ்டாலில் கொடுத்தது பாஸ்மதியில் செய்தது, தொட்டுக்கொள்ள கத்திரிக்காயும் இல்லை. ஆம்பூரிலேயே 2022 மே மாதம் நடக்க இருந்த பிரியாணித் திருவிழா சர்ச்சைக்கு நடுவே மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது, அதனால் இதையாவது பார்ப்போமே என்று ஒரு ஆசை, அவ்வளவுதான்.

அப்புறம் பணம் கட்டும் பக்கம். முதல் பக்கத்தில் ஒரு தொகை, கடைசிப் பக்கத்தில் வரி, வசதிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து வேறொரு தொகை. கேட்காமலே ஒரு உணவுக் கூப்பனுக்கும் டிக் போட்டு வைத்திருக்கிறார்கள், கவனிக்காமல் விட்டால் அதற்கும் காசு போய்விடும். தீம் பார்க் நுழைவுக்கு ஜிஎஸ்டி 2018 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. தெரிந்த வரிதானே, முதல் பக்கத்திலேயே சேர்த்துக் காட்டினால் என்ன? இப்படிப் போகப் போக விலையை ஏற்றுவதையும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் தடை செய்கிறது. வாங்குகிறவர்களை ஏமாற்றும் இதுபோன்ற உத்திகள் மொத்தம் 13 வகை அந்தத் தடைப் பட்டியலில் இருக்கின்றன.

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் உள்ள எப்காட் பார்க்கிலும் வருடா வருடம் உணவு, ஒயின் திருவிழா நடக்கிறது. நுழைவு டிக்கெட் இருந்தால் ஸ்டால் ஸ்டாலாக நடந்து சின்னச் சின்னத் தட்டுகளாக வாங்கிச் சாப்பிடலாம். கச்சேரியும் அந்த டிக்கெட்டிலேயே அடக்கம், கச்சேரிக்கு இருக்கை உறுதியாக வேண்டும் என்பவர்கள் மட்டும் சாப்பாட்டோடு சேர்த்து தனியாகக் காசு கட்டிக்கொள்கிறார்கள். உணவகங்களில் மேசையை 60 நாள் முன்பே பதிவு செய்யலாம். அங்கே மலிவு என்று நான் சொல்லவில்லை, மலிவே இல்லை. ஆனால் எது டிக்கெட்டில் சேர்ந்தது, எதற்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்பது வீட்டில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிடுகிறது.

இங்கேயும் அதைத்தான் கேட்கிறோம். நுழைவு டிக்கெட் விற்கத் தொடங்கும் அன்றே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நேரம், இடங்களின் எண்ணிக்கை, முழுக் கட்டணம் மூன்றும் வெளியாக வேண்டும், டிக்கெட் எடுக்கும்போதே நிகழ்ச்சிக்கும் பதிவு செய்ய முடிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளியில் கச்சேரி வைத்துவிட்டு மழை வந்தால் பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா என்பதையும் சொல்லட்டும். குறைந்தபட்சம் வெளியூரிலிருந்து குழுவாக வருகிறவர்களுக்காக மதியத்தில் ஒரு செய்முறை விளக்கம் வைக்கலாம், அதற்கு ஒன்றும் பெரிய செலவில்லை.

ஏமாந்தவர்கள் சும்மா இருந்துவிட வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். அதிலும் தீராவிட்டால் பார்க் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை, 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது வேலூர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. டிக்கெட், பணம் கட்டிய ரசீது, முதல் பக்க விலையின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஐயா. நாளிதழில் இந்தத் திருவிழாக்களுக்கு முழுப் பக்க விளம்பரம் வருகிறது. அதில் நிகழ்ச்சி நேரங்களுக்கு நாலு வரி ஒதுக்கச் சொல்லி விளம்பரம் கொடுப்பவர்களிடம் நீங்கள் கேட்கலாமே.

இப்படிக்கு,
காட்பாடி வாசகர் ஒருவர்